மாற்றுவதா, புதுக்குவதா?

சுமை வண்டி ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வாழைத்தார், மீன், தோல், பாய், பழைய இரும்பு என்று எதை ஏற்றினாலும், எஞ்சின் ஓடுகிற வரையில் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது நின்றுபோன அன்று வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து உண்டாகிவிடுகிறது. அப்படி ஒரு கருத்துக் கூறவேண்டிய நெருக்கடி 2023 ஆகஸ்டில் எனக்கும் வந்து சேர்ந்தது. பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எஞ்சினுக்கும் எனக்கும் வேறு உறவு இல்லை. ஆனால் குடும்பத்தில் மூத்தவனாகப் பிறந்துவிட்டால், தெரியாத விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லும் கடமை ஒன்று தலையில் விழுந்துவிடுகிறது.

வண்டி என் தம்பியுடையது. 22 ஆண்டுகள் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு அவன் மேலப்பாளையத்துக்குத் திரும்பியபோது கையில் கொண்டுவந்த பணிக்கொடை, 2018-இல் ஒரு டீசல் பிக்கப் வண்டியாக வாசலில் வந்து நின்றது. ஓட்டுபவன் அவன் மகன். திருவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களில் தார் ஏற்றி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறி, புனலூரில் இறக்குவான். ஐந்தாண்டுகளில் 2 லட்சத்து 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்ட வண்டி. ஓணத்துக்கு முந்திய வாரங்களில் கேரளத்தார் ஏத்தன் பழத்துக்கு என்ன விலையும் கொடுப்பார்கள். ஆண்டு முழுவதும் கிடைக்கும் வருமானத்தில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில்தான் கிடைக்கும். அந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்டு 29. எஞ்சின் நின்றது ஆகஸ்டு 4.

புளியரைச் சோதனைச் சாவடியைக் கடந்து மலைவளைவில் முழுச் சுமையோடு ஏறும்போது, ரேடியேட்டரின் மேல்குழாய்ப் பிடிப்புத் தளர்ந்து தண்ணீர் கசிந்திருக்கிறது. வெப்பமானியின் முள் அசையவே இல்லை என்று பிள்ளை சத்தியம் செய்தான். அவன் சொன்னது உண்மைதான். வெப்பத்தை உணரும் முனை தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் ஆவியைத்தான் உணரும். முள்ளும் பழைய இடத்திலேயே நிற்கும், சில வேளை கீழேயும் இறங்கும். ஆபத்து முற்றிய வேளையில் அந்தக் கருவி நலம் என்று சாட்சி சொல்லிவிடுகிறது. இழுவை குறைந்தது, டக்கு டக்கு என்று ஓசை கேட்டது, ஓரங்கட்டுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தாரை வேறு வண்டியில் மாற்றி ஏற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

மறுநாள் இஷாவுக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் கூடினோம். மகன் ஏற்கெனவே தீர்மானித்திருந்தான். சென்னை புதுப்பேட்டையில் அதே ரக வண்டியின் பழைய எஞ்சின் ஒன்று இருப்பதாக நண்பன் படம் அனுப்பியிருந்தான். விலை 80 ஆயிரம்; லாரி வாடகை தனி. "இறக்கின மூணாம் நாள் வண்டி ஓடும், பெரியவாப்பா. கழட்டிப் போட்டா மாசக்கணக்கு ஆகும். ஓணம் போயிரும்" என்றான். அவன் பேச்சில் பதற்றம் இருந்தது, பிழை இல்லை. புனலூர் வியாபாரி வேறொரு வண்டிக்காரனைப் பழக்கிக்கொண்டால் அடுத்த ஓணத்துக்கு இவனைத் தேடமாட்டார்.

என் தம்பி குறுக்கே விழுந்தான். ஷார்ஜாவின் தொழிற்பேட்டையில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் கணக்கெழுதியவன் அவன். பழைய எஞ்சினுக்கு அவனே வக்காலத்து வாங்குவான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவனோ, "விற்கிறவன் பக்கத்திலே 22 வருஷம் நின்னவன் நான். அதனாலேதான் வேண்டாம்கிறேன்" என்றான்.

அன்று அவன் விளக்கியதை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. வளைகுடாவுக்கும் இன்னும் பல நாடுகளுக்கும் பழைய எஞ்சின்கள் ஜப்பானிலிருந்து கப்பல் கப்பலாக வருகின்றன. ஜப்பானில் புதிய காருக்கு முதலில் மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அரசாங்கப் பரிசோதனை கட்டாயம். அதன் செலவு ஏற ஏற, நன்றாக ஓடும் வண்டியையே மக்கள் கழித்துவிடுகிறார்கள். அங்கிருந்து வரும் எஞ்சினில் பாதி ஆயுளுக்கு மேல் மிச்சம் இருப்பது வழக்கம். ஆகவே அந்த நாடுகளில் ஒருவர் எஞ்சினைத் திறந்து பாராமலே மாற்றிப் போட்டுக்கொண்டால் அது அறிவுடைமையே. நம் நாட்டில் சுமை வண்டியை எவரும் நன்றாக ஓடும்போது கழிப்பதில்லை. அது சாகிற வரையில் ஓடும்; அல்லது விபத்தில் சிக்கும். விபத்தில் சிக்கிய வண்டியின் எஞ்சின் கிடைத்தால் நஸீபு. மற்றது கிடைத்தால், வேறொருவன் தேய்த்துத் தீர்த்த பண்டத்தை நாம் விலை கொடுத்து வாங்கியவர்களாவோம். "படத்திலே எல்லா எஞ்சினும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று முடித்தான்.

புதுப்பேட்டைக் கடைக்காரரோடு நானே பேசினேன். அவர் நேர்மையான மனிதர். "பாய், ஸ்டார்ட் ஆகும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா எத்தனை லட்சம் ஓடியிருக்குன்னு எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது" என்றார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி நம் வீடுகளில் சிறு பிள்ளைகளும் அறிந்தது. இந்த வியாபாரி ஈரத்தை மறைக்கவில்லை. குவியலுக்குள் கைவிட வழியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக அவரை வாழ்த்தினேன். அவர் சரக்கை வாங்க அந்த வாழ்த்து மட்டும் போதவில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. முழுப் புது எஞ்சின். அதன் விலையைக் கேட்டதும் தம்பி தேநீரைக் கீழே வைத்துவிட்டான். வண்டியை விற்றால் வரக்கூடிய தொகையில் பாதிக்கு மேல் அது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பட்டறைக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். பேட்டைப் பக்கம் நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவர். மாற்றுவதா, புதுக்குவதா என்று அவரைக் கேட்டதற்கு அவர் கூறிய விடை: "தொறக்காம எப்படி பாய் சொல்ல? ரெண்டு நாள் குடுங்க. அளந்து சொல்லுதேன்." மகன் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ, அதுவரை கேட்ட பேச்சுகளிலெல்லாம் அறிவார்ந்த பேச்சு அதுதான் என்று பட்டது. இரு தரப்பாரும் காணாத ஒரு பொருளைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் தவணை தருவதற்கு என் தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டது. தந்தேன்.

முதலில் அமுக்கச் சோதனை. டீசல் எஞ்சினின் உயிரே அமுக்கத்தில்தான் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்து எரிபொருளைக் கொளுத்துகிறார்கள். டீசலில் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது தானே கொதித்து 500 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடாகும். அதில் டீசலைத் தெளித்தவுடன் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினார். பிஸ்டன் ரிங்கிலோ வால்விலோ கேஸ்கட்டிலோ காற்றுக் கசிந்தால் சூடு பிறக்காது. சூடு பிறக்காவிட்டால் தீ இல்லை. எங்கள் வண்டியின் நான்கு சிலிண்டர்களில் மூன்று ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்குகூடக் காட்டவில்லை. எண்ணெயை வடித்தபோது பால் கலந்த காப்பி நிறம். தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.

பிறகு ஹெட்டைக் கழற்றினார். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். போல்டுகள் அதைப் பிடித்து வைத்திருப்பதால் விரிய இடமின்றி வளைந்துவிடும். அண்ணாச்சி நேர்விளிம்புக் கட்டை ஒன்றை ஹெட்டின் மீது குறுக்காக வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்துப் பார்த்தார். நடுவில் 0.15 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போயிற்று. தலைமயிர் இரண்டின் கனம்தான். அந்த இரண்டு மயிர் இடைவெளி போதும், கேஸ்கட் எரிந்து தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட.

மறுநாள் நானும் லேத் பட்டறைக்குப் போனேன். சிலிண்டரின் உள்விட்டத்தை மேலே, நடுவே, அடியே என்று மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் நெடுக்கும் குறுக்குமாக இரு திசையிலும் அளந்தார்கள். ஒன்று, இரண்டு, நான்காவது சிலிண்டர்களில் சாதாரணத் தேய்மானம். மூன்றாவதில் பிஸ்டன் சுவரைப் பிறாண்டிய ஆழமான கோடுகள். நகத்தால் தடவினால் நகம் மாட்டியது. ஆனால் 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவுக்குக் கடைந்தால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும் என்று கணக்குக் காட்டினார் லேத்காரர். அந்த அளவுக்குப் பிஸ்டனும் ரிங்கும் கடையில் கிடைக்கும். ஒன்றை மட்டும் கடையலாகாதா என்று கேட்டேன். "நாலு காலும் ஒரே உயரம் இருந்தாத்தான சார் கட்டில் நிக்கும்" என்றார். பிளாக்கில் விரிசல் உண்டா என்று காந்தப் பொடி தூவிப் பார்த்தார்கள்; இல்லை. ஹெட்டின் துவாரங்களை அடைத்து, காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள், குமிழி எழவில்லை. அந்த நொடியில் என் தம்பி வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னது லேத் ஓசையையும் மீறிக் கேட்டது.

கிராங்க் தண்டைத் தரையில் சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தார்கள். ஏறி இறங்கும் பிஸ்டனின் நேர்ப்போக்கைச் சக்கரம் சுழலும் சுழற்சியாக மாற்றுவது அதுதான். சுழற்சியை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றி, இரட்டை உருளைகளில் நீர் இறைக்கும் எந்திரம் ஒன்றை அல் ஜஸரி 1206-இல் தியார்பக்கரில் எழுதி முடித்த நூலில் வரைந்து வைத்திருக்கிறார். தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். "அவர் காலத்துல ஓணம் இல்ல பெரியவாப்பா" என்றான். அந்த நிலையிலும் சிரிக்கவைத்துவிட்டான். மூன்றாவது பிஸ்டனைத் தாங்கும் கழுத்தில் கீறல் இருந்தது. 0.25 குறைத்துக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற கனத்த பேரிங் போட்டால் போதும் என்றார்கள்.

இப்போதுதான் எங்களுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லும் தகுதி வந்தது. விரிசல் இல்லாத பிளாக், கடைந்தால் தீரும் காயம், கிடைக்கும் உதிரிகள், நம்பத்தக்க கைகள் ஊரிலேயே. இவை நான்கும் சேர்ந்திருந்ததால் புதுக்குவதே சரி என்றேன். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, சிலிண்டர் சுவர் வெடித்திருந்தாலோ நானே அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்திருப்பேன். எஞ்சினைப் புதுக்குவது ஒரு தருமம், மாற்றுவது ஒரு குற்றம் என்பதுபோலப் பேசும் சில பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பக்தி இல்லை.

விலையையும் சொல்லிவிடுகிறேன். உதிரிகள், லேத் கூலி, பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து அண்ணாச்சி 95 ஆயிரம் என்றார். பழைய எஞ்சினை விட 15 ஆயிரம் அதிகம் என்று மகன் சுட்டிக் காட்டினான். அந்தக் கணக்கு நேரானதன்று. பழைய எஞ்சினுக்கு லாரி வாடகை உண்டு. ஏற்றி இறக்கும் கூலி உண்டு. வந்தபின் அதன் கேஸ்கட்டும் டைமிங் செயினும் மாற்றாமல் எந்த நல்ல மெக்கானிக்கும் வண்டியில் ஏற்றமாட்டார். மேலும் எங்கள் வண்டியின் எஞ்சின் கணினிப் பெட்டி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வகை. அதில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. இன்ஜெக்டரோடு எஞ்சின் மாறினால் அந்த எண்களைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எஞ்சின் அதே புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கவேண்டும்.

சட்டமும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் மாறினால் எண் மாறுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வாங்கிய ரசீது வேண்டும். அந்த எஞ்சின் முன்பு எந்த வண்டியில் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சினாக அமைந்துவிட்டால் வாங்கியவன் ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டும். சரக்கு வண்டி தகுதிச் சான்றுக்குப் போகும்போதும், விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும்போதும் எண் ஒத்துப்பார்க்கப்படும். மூன்றாம் நாள் வண்டி ஓடும் என்பது, இவற்றையெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவனுக்குத்தான் பொருந்தும்.

பணத்துக்கு ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் பட்டறைக்கே வந்து நின்றான். வட்டி வாங்கி எஞ்சின் போடமாட்டேன் என்று தம்பி கையை விரித்துவிட்டான். மஹல்லாவின் வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து 40 ஆயிரமும், என் சேமிப்பிலிருந்து கைமாற்றாக 30 ஆயிரமும், மீதி அவன் கையிருப்புமாகச் சரிக்கட்டினோம்.

இனி மகனின் கவலை. அது பணத்தைவிடப் பெரியது. அண்ணாச்சி கேட்டது 15 நாள். வண்டி இல்லாத அந்த நாட்களில் புனலூருக்கு யார் போவது? இதற்கு வழி கண்டது நானும் அல்லேன், தம்பியும் அல்லன். என் தம்பியின் மனைவி. அதுவரை வாசற்கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "லாபம் இல்லாட்டா என்ன மச்சான், வாடகை வண்டி புடிச்சு அவனே கூடப் போய் இறக்கட்டும். ஆளு மாறாம இருந்தாப் போதும்லா" என்றாள். அப்படியே செய்தான். வாடகை போக ஒரு நடைக்கு அவனுக்கு மிஞ்சியது சாப்பாட்டுச் செலவுதான். ஆனால் வியாபாரிக்கு முகம் மாறவில்லை.

பட்டறையில் நடந்தவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பலர் இதில்தான் மோசம் போகிறார்கள். எஞ்சினுக்கு வெளியே இருந்த காரணத்தால்தான் எஞ்சின் செத்தது. குழாயும் பிடிப்பும் தெர்மோஸ்டாட்டும் தண்ணீர்ப் பம்பும் ரேடியேட்டர் மூடியும் பழையபடி இருக்குமானால், புதுக்கிய எஞ்சினும் சாகும், மாற்றிய எஞ்சினும் சாகும். அண்ணாச்சி இவை அத்தனையையும் மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். தேய்ந்த பேரிங்கின் உலோகத்தூள் எண்ணெயோடு ஓடி எண்ணெய்க் குளிர்விப்பானில் தங்கியிருக்கும் என்று சொல்லி அதையும் புதிதாகப் போட்டார். எண்ணெய்ப் பாதைகளின் அடைப்பு மூடிகளைக் கழற்றி, நீண்ட தூரிகை விட்டுக் கழுவியது மட்டும் அரை நாள் வேலை. பிஸ்டன்கள் மேலே வரும்போது பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கின்றன என்று அளந்து, அதற்கேற்ற கனமுள்ள கேஸ்கட்டைத் தேர்ந்தெடுத்தார். கேஸ்கட் ஓரத்தில் உள்ள சிறு வெட்டுகளின் எண்ணிக்கை அதன் கனத்தைக் குறிக்கும் என்பதை எழுபதை நெருங்கும் வயதில் கற்றுக்கொண்டேன்.

ஆகஸ்டு 22 மாலை எஞ்சின் ஓடியது. 15 நாள் 16 நாளாயிற்று. பட்டறை வழக்கத்துக்கு அது ஓர் அதிசயம். ஓணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மகனுக்கு முழுச் சுமை ஏற்ற ஆசை; அண்ணாச்சி விடவில்லை. புது ரிங் சிலிண்டர் சுவரோடு படியும் வரையில் அரைச் சுமைதான், மலையில் விரட்டக்கூடாது, 500 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அரைச் சுமையாக நான்கு நடை போய்வந்தான். முதல் நடையில் என் தம்பியும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டான். புளியரை ஏற்றத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தம்பி ஓதிக்கொண்டே வந்தானாம்.

எண்ணெய் மாற்றியபோது அண்ணாச்சி வடிகட்டியை அறுத்து, உள்ளிருந்த தாளை வெயிலில் விரித்துப் பார்த்தார். மெல்லிய மினுமினுப்பு இருந்தது. ரிங் படியும்போது இருப்பதுதான், துகளாக இருந்தால்தான் பயம் என்றார். அடுத்த மாற்றத்தில் அதுவும் இல்லை. அன்றிலிருந்து மூன்று மாதம் தவணை வைத்து நிதிக்குரியதை அடைத்தான். எனக்குரியது அடுத்த ஓணத்துக்கு வந்தது.

தண்ணீர் குறைந்தால் ஓசை எழுப்பும் சிறு கருவி ஒன்றை மகன் ரேடியேட்டரில் பொருத்தியிருக்கிறான். என் தம்பிக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும், எஞ்சின் ஆறியிருக்கும் வேளையில், மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறான்.